ஆப்பா தொலைந்த கதை ஏன் இப்படி அழ வைக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கதை முழுவதையும் உடைத்துத்தான் பேசப் போகிறோம். இன்னும் பார்க்காதவர்கள் முதல் கேள்வியையும் கடைசிக் கேள்வியையும் மட்டும் படித்துவிட்டு, தொடரைப் பார்த்தபின் திரும்பி வரலாம்.

ஆப்பா யார்? எனக்குத் தொடரே தெரியாது.

'அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்' என்ற அமெரிக்க அனிமேஷன் தொடர் நிக்கலோடியனில் 2005 முதல் 2008 வரை மூன்று சீசன்களாக, 61 எபிசோடுகள் வந்தது. உருவாக்கியவர்கள் மைக்கேல் டான்டே டிமார்டினோவும் பிரையன் கோனியட்ஸ்கோவும். (நீல நிற மனிதர்கள் வரும் சினிமாவுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது.) நாயகன் ஆங் பன்னிரண்டு வயதுப் பையன். நூறு வருடம் பனிக்குள் உறைந்து கிடந்து எழுகிறான், எழும்போது அவனுடைய இனமே அழிந்துபோயிருக்கிறது. அவன் பிறந்து வளர்ந்த உலகத்திலிருந்து அவனோடு வந்து சேர்ந்த ஒரே உயிர், அதே பனிக்குள் அவனோடு கிடந்த ஆப்பாதான். ஆறு கால், அகலமான தட்டை வால், நெற்றியில் அம்புக்குறி. காட்டெருமையும் கடற்பசுவும் கலந்த மாதிரி ஒரு உருவம், வானத்தில் பறக்கும். பேசாது.

அதற்கு அப்படி என்னதான் நடக்கிறது?

இரண்டாவது சீசனின் பத்தாவது எபிசோடில், பாலைவனத்து நடுவில் இருக்கும் ஒரு பழைய நூலகத்துக்குள் ஆங்கும் நண்பர்களும் போகிறார்கள். ஆப்பா வெளியே நிற்கிறது. கட்டடம் மணலுக்குள் புதையத் தொடங்க, அதை டாஃப் என்ற பெண் தன் சக்தியால் பிடித்து நிறுத்திக்கொண்டிருக்கும் அதே நேரத்தில், மணலை ஆட்டிவைக்கும் சக்தி கொண்ட ஒரு கூட்டம் வந்து ஆப்பாவைக் கட்டி இழுத்துப் போகிறது. டாஃபுக்குக் கண் தெரியாது. கையை எடுத்தால் உள்ளே இருப்பவர்கள் போய்விடுவார்கள், எடுக்காவிட்டால் ஆப்பா போய்விடும். அவள் கட்டடத்தை விடவில்லை.

அடுத்த ஐந்து எபிசோடுகள் ஆப்பா இல்லாமலேயே ஓடுகின்றன. பதினாறாவது எபிசோடுதான் 'ஆப்பாஸ் லாஸ்ட் டேஸ்'. கதை பின்னால் போய், அத்தனை நாளும் ஆப்பாவுக்கு என்ன நடந்தது என்று ஆப்பாவின் பக்கத்திலிருந்தே காட்டுகிறது. திருடர்கள் வியாபாரிகளிடம் விற்கிறார்கள், அங்கிருந்து சர்க்கஸுக்குப் போகிறது. அங்கே நெருப்புச் சவுக்கு. தப்பித்து, மறுபடி பாலைவனம், ஒரு பண்ணையில் துரத்தல், காட்டில் முள்ளம்பன்றி போல முள் கொண்ட ஒரு பன்றியோடு சண்டை, நடுவில் கொஞ்சம் அன்பு, மறுபடி ஓட்டம். கடைசியில் ஆங் இருக்கும் பா சிங் சே நகரத்துக்கே வந்து சேர்ந்து, அங்கேயும் பிடிபட்டுவிடுகிறது. எழுதியவர் எலிசபெத் வெல்ச் ஏஹாஸ், இயக்கியவர் ஜியான்கார்லோ வோல்பே.

ஆப்பா செத்துவிடுகிறதா? அதை மட்டும் முதலில் சொல்லிவிடுங்கள்.

இல்லை. நிம்மதியாகப் படியுங்கள்.

ஒரு வார்த்தை பேசாத விலங்கு எப்படி இவ்வளவு அழ வைக்கிறது?

பேசாததால்தான் என்பது என் எண்ணம். ஆனால் அதோடு விட்டுவிட்டால் பாதிப் பதில்தான்.

ஆப்பா தொலைந்த முதல் நாளிலிருந்து ஆங்குக்கு அழ ஆள் இருக்கிறது, கத்த ஆள் இருக்கிறது, கட்டிப்பிடித்து ஆறுதல் சொல்லத் தோழி கட்டாரா இருக்கிறாள். என்ன நடந்தது, யார் எடுத்தார்கள், எங்கே விற்றார்கள் என்று விசாரிக்கவும் முடிகிறது. நாமும் அந்தத் துக்கத்தை அவன் வாயாலேயே கேட்டுக் கேட்டு ஒருவிதமாகப் பழகிவிடுகிறோம். அப்புறம் இந்த எபிசோடு வந்து, இதே பிரிவை அந்தப் பக்கத்திலிருந்து காட்டுகிறது. ஆப்பாவுக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றே ஒன்றுதான்: ஆங் உள்ளே போனான், நான் வெளியே இருந்தேன், அதற்குப் பிறகு ஆங் வரவில்லை. ஏன் வரவில்லை என்று அதற்குச் சொல்ல யாரும் இல்லை, சொன்னாலும் புரியாது. ஆங் பாலைவனம் முழுக்க அலைந்தது, கதறியது, தெருத்தெருவாகத் தேடுவது எல்லாம் நமக்குத் தெரியும், அதற்குத் தெரியாது. நமக்குத் தெரிந்ததை அதன் காதில் போட ஒரு வழியும் இல்லாமல் இருபத்திச் சொச்சம் நிமிடம் உட்கார்ந்திருக்கிறோம் பாருங்கள், அங்கேதான் தொண்டை அடைக்கிறது.

இன்னொன்று, கொஞ்சம் குற்ற உணர்ச்சி சம்பந்தப்பட்டது. அதுவரைக்கும் ஆப்பா நமக்கும் ஒரு வண்டிதான். 'யிப் யிப்' என்றால் பறக்கும், எல்லாரும் ஏறிக்கொள்வார்கள், நடுநடுவே யாரையாவது நக்கி எச்சில் ஆக்கும், நாம் சிரிப்போம். முப்பதுக்கும் மேற்பட்ட எபிசோடுகள் அதைப் பின்னணியில் வைத்தே பழக்கிவிட்டு, திடீரென்று கதையை முழுக்க அதன் முதுகில் ஏற்றுகிறார்கள். இது ஒரு நல்ல தந்திரம். முதல் எபிசோடிலேயே ஆப்பாவின் உணர்ச்சிகளை விரிவாகக் காட்டியிருந்தால் இந்த அடி விழுந்திருக்காது.

குரலையும் சொல்ல வேண்டும். ஆப்பாவுக்கும் குட்டி லெமூர் மோமோவுக்கும் குரல் கொடுத்தவர் ஒரே ஆள், டீ பிராட்லி பேக்கர். அந்த உறுமலில் பசி ஒரு மாதிரி, பயம் ஒரு மாதிரி, 'கிட்டே வராதே' ஒரு மாதிரி. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலே பிரித்துச் சொல்லிவிடலாம்.

எந்தக் காட்சி அதிகம் அடிக்கிறது?

பெரும்பாலானவர்கள் சர்க்கஸைச் சொல்வார்கள். எனக்கு இரண்டு காட்சிகள், இரண்டிலும் யாரும் ஆப்பாவை அடிக்கவில்லை.

முதலாவது, சர்க்கஸிலிருந்து தப்பித்தவுடன் அது எங்கே போகிறது என்பது. பசியும் காயமுமாக இருக்கும் ஒரு விலங்கு, நேராகக் குளிர்ந்த இடத்துக்கோ தண்ணீர் இருக்கும் இடத்துக்கோ போகவில்லை. அந்த நூலகத்தைத் தேடித் திரும்பப் பாலைவனத்துக்கே போகிறது. கடைசியாக ஆங்கைப் பார்த்த இடம் அதுதானே! போய்ப் பார்த்தால் கட்டடமே இல்லை, மணல்தான் இருக்கிறது. வசனம் கிடையாது, விளக்கம் கிடையாது. தொலைந்த நாய்கள் கடைசியாகப் பிரிந்த இடத்தையே சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி என்ன செய்யும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது சூகி வரும் இடம். உடம்பெல்லாம் முள் குத்திக்கொண்டு, அழுக்கேறிய முடியோடு புதருக்குள் ஒளிந்திருக்கிறது ஆப்பா. கியோஷி வீராங்கனைகளின் தலைவி சூகி கண்டுபிடிக்கிறாள். கிட்டே போனால் உறுமுகிறது. அவள் அவசரப்படவில்லை, மெதுவாகப் பேசுகிறாள், தொட விடும்வரை பொறுக்கிறாள், பிறகு முள்ளை ஒவ்வொன்றாகப் பிடுங்குகிறாள், முடியைக் கழுவி விடுகிறாள். ஆப்பா கொஞ்சம் கொஞ்சமாக உடம்பைத் தளர்த்துவதை அவசரமே இல்லாமல் காட்டுகிறார்கள். சரி, இனி எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று நாம் மூச்சு விடும்போது எதிரி நாட்டு இளவரசி அஸூலா வந்து நிற்கிறாள். ஆப்பா சூகியை விட்டுப் போக மறுக்கிறது. அதை ஓட வைக்க அவளுக்கு ஒரே வழிதான் இருக்கிறது: எரியும் கட்டையை எடுத்து அதன் முகத்துக்கு நேரே வீசிப் பயமுறுத்துவது. சர்க்கஸில் அதை எந்த நெருப்பால் பழக்கினார்களோ அதே நெருப்பு. அவ்வளவு நேரம் பாடுபட்டுச் சம்பாதித்த நம்பிக்கையை, அதைக் காப்பாற்றுவதற்காகவே அவள் கையாலேயே உடைக்க வேண்டியிருக்கிறது.

பண்ணை வீட்டுக்காரர்கள் அவ்வளவு மோசமானவர்களா?

இல்லை என்றுதான் நினைக்கிறேன். தன் கொட்டகையில் ஆறு கால் ராட்சதம் ஒன்று படுத்திருப்பதைப் பார்த்தால் யாராக இருந்தாலும் தீப்பந்தத்தோடுதான் வருவார்கள். அவர்களுக்கு அது பயம், ஆப்பாவுக்கு அது இன்னொரு மனிதன், இன்னொரு நெருப்பு. விலங்கைக் கெடுப்பதற்குக் கெட்டவர்கள்தான் வேண்டும் என்றில்லை என்று போகிறபோக்கில் காட்டிவிட்டுப் போகிறார்கள். எதிர்ப்பக்கமும் உண்டு. எதிரி நாட்டு சர்க்கஸில், எதிரி நாட்டுச் சின்னப் பையன் ஒருவன்தான் அதைப் பார்த்து இரக்கப்படுகிறான்.

சர்க்கஸ் காட்சிகள் மிகைப்படுத்தலா?

நெருப்புச் சவுக்கு கற்பனை. பட்டினி போட்டு, பயமுறுத்தி, 'உன்னை உடைத்துக் காட்டுகிறேன்' என்று ஒரு பெரிய விலங்கை வழிக்குக் கொண்டுவருவது கற்பனை இல்லை, யானைகளைச் சங்கிலியும் அங்குசமும் வைத்துப் பழக்கிய வரலாறு பல நாடுகளில் உண்டு. அமெரிக்காவின் பெரிய சர்க்கஸ் நிறுவனமான ரிங்லிங் பிரதர்ஸ், பல வருட எதிர்ப்புக்குப் பிறகு 2016 மே மாதம்தான் யானைகளை மேடையிலிருந்து விலக்கியது. இந்த எபிசோடு வந்தது அதற்குப் பத்து வருடம் முன்பு, 2006 அக்டோபரில். விலங்கு நலனைப் பேசும் படைப்புகளுக்கு அமெரிக்க ஹியூமேன் சொசைட்டி அப்போது வழங்கிய ஜெனிசிஸ் விருதும் இதற்குக் கிடைத்தது. இத்தனைக்கும் இதில் யாரும் பிரசங்கம் செய்வதில்லை. விலங்குகளைத் துன்புறுத்தாதீர்கள் என்று ஒரே ஒரு வசனம் வைத்திருந்தால்கூட வீணாகியிருக்கும்.

ஆங் டாஃபைத் திட்டுவது நியாயமா?

துளியும் இல்லை, ஆனால் நம்பும்படி இருக்கிறது. 'உனக்கு ஆப்பாவைப் பிடிக்கவே பிடிக்காது' என்கிற ரீதியில் கத்துகிறான், அவள்தான் அவன் உயிரைக் காப்பாற்றியவள். இழப்பின் முதல் மணி நேரத்தில் பக்கத்தில் இருப்பவர் மேல்தான் எல்லாம் கொட்டும்.

அதைவிட அடுத்த எபிசோடான 'தி டெசர்ட்' முடிவைப் பாருங்கள். திருடர்களில் ஒருவனின் குரலை டாஃப் அடையாளம் கண்டுகொள்கிறாள், ஆப்பாவுக்கு வாய்ப்பூட்டுப் போடச் சொன்னவன் அவன்தான் என்கிறாள். விற்றார்கள் என்பதைவிட 'வாய்ப்பூட்டு' என்ற அந்த விவரம்தான் ஆங்கை வெடிக்க வைக்கிறது. இது எழுத்தில் எவ்வளவு நுணுக்கமான இடம் தெரியுமா? தொலைந்துபோன செல்லத்தைப் பற்றி யோசிக்கும்போது நம்மைக் கொல்வது பெரிய கேள்விகள் இல்லை. சாப்பிட்டிருக்குமா, கட்டிப் போட்டிருப்பார்களா, தண்ணீர் வைத்தார்களா என்ற சின்னச் சின்ன விவரங்கள்தான். கண்ணும் நெற்றியும் ஒளிர, சுழற்காற்றோடு மேலே எழும் அவன் கையைக் கட்டாரா பிடித்துக் கீழே இழுத்து அணைத்துக்கொள்கிறாள். ஒளி அடங்கும்போது முகத்தில் கண்ணீர்.

பன்னிரண்டாவது எபிசோடில் அவன் நேர்மாறாக மாறிவிடுகிறான். ஒன்றும் உணராதவன் போல, ஆப்பாவைப் பற்றிப் பேச்சே எடுக்காமல், வேலையில் கவனம் என்று திரிகிறான். அழுகையைவிட இது பயமாக இருக்கும். வழியில் ஒரு குழந்தை பிறப்பதைப் பார்த்தபிறகுதான் இறுக்கம் உடைகிறது.

மோமோவின் குட்டிக் கதையையும் இதோடு சேர்த்துச் சொல்கிறார்களே, ஏன்?

பதினைந்தாவது எபிசோடு ஆறு குட்டிக் கதைகளின் தொகுப்பு. கடைசிக் கதை மோமோவுடையது. நகரத்துக்குள் ஆப்பாவைத் தேடி அலைகிறது, பூனை வகை விலங்குகளிடம் மாட்டி, கூண்டில் அடைபட்டு, பிறகு தன்னைத் துரத்திய அவற்றையே விடுவிக்கிறது. அவை நன்றிக்கடனாகக் கூட்டிப்போய்க் காட்டுவது மண்ணில் பதிந்த ஒரு பெரிய காலடித் தடத்தை. மழை வருகிறது. மோமோ அந்தத் தடத்துக்குள்ளேயே சுருண்டு படுத்துக்கொள்கிறது.

இதைப் பார்த்தபிறகு அடுத்த எபிசோடுக்குப் போவது முக்கியம். ஆப்பா அந்த ஊருக்கு வந்திருக்கிறது என்று நமக்கு முன்கூட்டியே தெரிகிறது, அதனால் ஆப்பா படும் ஒவ்வொரு கஷ்டத்திலும் 'இன்னும் கொஞ்சம்தான், வந்துவிடுவாய்' என்று ஒரு நம்பிக்கை ஓடிக்கொண்டே இருக்கும். வந்து சேர்ந்தும் கிடைக்காமல் போகும்போது அதுவே திருப்பி அடிக்கும். (இதே எபிசோடில் வரும் ஐரோ என்ற பெரியவரின் கதை, அவருக்குக் குரல் கொடுத்த மாகோவின் நினைவுக்குச் சமர்ப்பிக்கப்பட்டது. அதற்குத் தனியாக ஒரு பக்கம் எழுத வேண்டும்.)

குரு பத்திக் பகுதி தேவையா? வேகம் குறைகிறதே.

தேவை. பறக்கும் குளவிகளோடு சண்டை வேண்டுமானால் கொஞ்சம் குறைத்திருக்கலாம். இந்தப் பகுதியில்தான் ஆப்பா எவ்வளவு மாறிப்போயிருக்கிறது என்று தெரிகிறது. தானும் ஆங்கும் முதன்முதலாகச் சந்தித்த கிழக்குக் கோவிலுக்கே வந்திருக்கிறது. குட்டியாக இருந்தபோது சின்னப் பையன் ஆங் ஆப்பிள் நீட்ட, அது வந்து தின்ற நினைவும் வருகிறது. அப்படிப்பட்ட சொந்த வீட்டில், கெடுதல் ஒன்றும் செய்யாத குரு பத்திக் என்ற கிழவரைப் பார்த்து உறுமுகிறது. வாலை ஆட்டிக்கொண்டு யாரையும் நக்கிய அதே ஆப்பா! துன்புறுத்தப்பட்ட நாயைத் தத்தெடுத்தவர்களுக்கு இது அத்துப்படி. தலையைத் தடவத்தான் கையைத் தூக்குவோம், அது ஒடுங்கிப்போகும். நம்மேல் அதற்குக் கோபம் இல்லை, 'கை' என்றால் என்ன என்று வேறு யாரோ கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். பத்திக் இதைப் புரிந்துகொண்டு காத்திருக்கிறார்.

மறுபடி சேர்வது எப்போது? அந்தக் காட்சி திருப்தியாக இருக்குமா?

அடுத்த எபிசோடிலேயே, 'லேக் லாவோகாய்'. விடுவிப்பவன் ஆங் இல்லை, தொடர் தொடங்கியதிலிருந்து அவனைத் துரத்தும் ஸூக்கோ. முதலில் பிடித்துப் போகத்தான் வருகிறான், மாமா ஐரோ வந்து நீ யார், உனக்கு என்னதான் வேண்டும் என்று உலுக்கியபிறகு சங்கிலியை அவிழ்த்துவிடுகிறான். ஆப்பாவுக்கு அவன் மனப்போராட்டம் பற்றியெல்லாம் கவலை இல்லை. வெளியே வந்தவுடன் ஆங் எங்கே என்று போய்விடுகிறது, சரியாக நண்பர்கள் மாட்டிக்கொண்ட நேரத்தில் சுவரை உடைத்துக்கொண்டு வந்து இறங்குகிறது. தன்னைச் சிறைவைத்த லாங் ஃபெங்கின் காலைக் கவ்வி ஏரியில் தூக்கி எறிந்துவிட்டு, வாயில் மிச்சமிருந்த செருப்பைத் துப்புகிறது பாருங்கள், அந்த ஒரு துப்பலுக்கு எழுந்து நின்று கைதட்டலாம். அப்புறம்தான் ஆங் அதன் முகத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறான்.

நாய் காத்திருக்கும் 'ஃப்யூச்சராமா' எபிசோடோடு ஒப்பிட்டால்?

'ஃப்யூச்சராமா' என்ற கார்ட்டூன் தொடரில் 2002-இல் வந்த 'ஜுராசிக் பார்க்' (டைனோசர் படம் இல்லை, நாய் குரைப்பை வைத்து வைத்த பெயர்). எஜமான் எதிர்காலத்துக்குப் போய்விட, நாய் சீமோர் அதே கடை வாசலில் வருடக்கணக்கில் காத்திருந்து, அங்கேயே கண்ணை மூடுகிறது. ஷிபுயா ரயில் நிலையத்தில் 1925-இல் எஜமான் இறந்தபிறகு 1935 வரை காத்திருந்த ஹச்சிகோ நாயின் நிஜக் கதை ஞாபகம் வராமல் இருக்காது. அந்த ஃப்யூச்சராமா எபிசோடு கடைசி ஒரு நிமிடத்தில் மொத்தமாகக் குத்துகிறது, மீட்பே இல்லை. ஆப்பா காத்திருக்கவில்லை, தேடிக்கொண்டே இருக்கிறது. அதனால் இதில் அழுகையோடு கூடவே ஒரு பதைப்பும் இருக்கும். எது பெரிது என்றால், மறுபடி பார்க்க என்னால் முடிவது ஆப்பாவைத்தான். சீமோரை ஒரு தடவைக்கு மேல் தாங்காது.

கார்ட்டூனுக்கு அழுவது அசட்டுத்தனம் இல்லையா?

நாவலுக்கு அழலாம், சினிமாவுக்கு அழலாம், இதற்கு மட்டும் கூடாதா?

குழந்தைகளுக்குக் காட்டலாமா?

தொடருக்கு அமெரிக்காவில் ஏழு வயதுக்கு மேல் என்ற தரச்சான்று. ரத்தம் இல்லை. ஆனால் வீட்டில் பிராணி வளர்க்கும் குழந்தைகள் வாய்ப்பூட்டுக்கும் சவுக்குக்கும் கலங்கிப்போவார்கள். 'ஆப்பா திரும்பி வந்துவிடும்' என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், சுவாரசியம் கெடாது. பதினாறையும் பதினேழையும் ஒரே நாளில் காட்டிவிடுங்கள், பதினாறோடு நிறுத்திவிட்டுத் தூங்கப் போகச் சொல்லாதீர்கள். பதினேழில் ஜெட் என்ற பையனின் முடிவும் வருகிறது, அதற்கும் பக்கத்தில் இருங்கள்.

சமீபத்தில்தான் என் நாயை இழந்தேன். பார்க்கலாமா?

இறந்திருந்தால், கொஞ்ச நாள் போகட்டும், ஆனால் பார்த்தபிறகு மனசு லேசாகியது என்று சொல்பவர்களும் உண்டு. தொலைந்துபோய் இன்னும் தேடிக்கொண்டிருந்தால், வேண்டாம். இந்த எபிசோடு காட்டுவது எல்லாம் இரவு இரண்டு மணிக்கு நீங்களே கற்பனை செய்து பயந்துகொண்டிருக்கும் விஷயங்கள்தான். முதலில் தேடுங்கள், கடைசியாகப் பார்த்த இடத்துக்கு மறுபடி மறுபடி போய்ப் பாருங்கள்.

அந்த ஒரு எபிசோடை மட்டும் தனியாகப் பார்த்தால் போதுமா?

புரியும், ஆனால் பாதிக்காது. 2006-இல் டிவியில் பார்த்தவர்களுக்கு ஆப்பா ஜூலையில் தொலைந்து, அதன் கதை அக்டோபரில்தான் தெரிந்தது, நவம்பரில்தான் ஆங்கிடம் சேர்ந்தது. அந்தக் காத்திருப்பு இப்போது கிடைக்காது. முழுத் தொடருக்கு நேரம் இல்லையென்றால் முதல் சீசனின் முதல் மூன்று எபிசோடுகள், அப்புறம் இரண்டாவது சீசனில் 10, 11, 12, 15, 16, 17. 12-க்கும் 15-க்கும் நடுவில் முடிந்தால் ஒரு நாள் இடைவெளி விடுங்கள்.